போடாத ஊசிக்கு ஒத்தடம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா தேறி வருகிறாள், இருமல் மட்டும் மிச்சம், மாடிப்படி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள், மற்றபடி சமையலறைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அதிகாரம் பண்ணும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. போன வாரம் நீ கூப்பிட்டபோது இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேனே, கைவேலையாக இருக்கிறேன் என்று சொன்னது பொய். கொடியில் ஒரே துண்டை எடுப்பதும் திரும்பப் போடுவதுமாக நின்றுகொண்டிருந்தேன். அம்மா உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று தெரியும், நீ என்னைத் திட்டவே இல்லை என்றும் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. என் மேல் இரக்கப்பட்டு அவள் சிலதை விட்டிருப்பாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன், எழுத்தில் என்றால் உன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

தொற்றுக்கு இரண்டு தவணை ஊசியோடு முடிந்தது என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தோம். பிறகு மூன்றாவது வேண்டும் என்றார்கள், அதோடும் நிற்காது, பூஸ்டரை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்றார்கள். ஜனங்களுக்கு அலுத்துவிட்டது. முதல் முகாமுக்குத் தெருமுனை வரை கூட்டம் நின்றது, இப்போது சமூகக் கூடத்தில் போட்ட நாற்காலிகூட நிரம்பவில்லை. சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஒருநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்கே என்னைத் தேடி வந்து, நீங்க மாடுங்களுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை விடாம போட்டுட்டு வர்றீங்க சார், ஒரு கன்னுக்குட்டிகூட தப்பறதில்லைன்னு பால்பண்ணையில சொல்றாங்க, மனுஷங்களுக்கும் அந்த மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுங்களேன் என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. தெருவுக்கு ஒரு நாள் என்று பிரித்தேன், அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வருவார்கள். நடக்க முடியாதவர்கள் வீட்டுக்குக் குளிர்பெட்டியோடு நாங்களே போவது, ஊசி போட்டவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் அடுத்த தவணை எப்போது என்று வாயால் சொல்லவைப்பது, இதெல்லாம் என் யோசனைதான். நன்றாகவே நடந்தது. கையில் மைக்கைக் கொடுத்தார்கள், அங்கேதான் சனி பிடித்தது.

கண்ணு, உன் அப்பாவுக்கு ஊசி என்றால் பயம். சிரிக்காதே. மாட்டின் கழுத்தில் போடும்போது என் கை ஆடாது, என் தோள் பக்கம் ஒரு ஊசி வருகிறது என்றால் காது அடைத்துக்கொள்ளும், உள்ளங்கை சில்லிட்டுப் போகும். முதல் இரண்டையும் எங்கள் டாக்டர் கூடவே இருந்து பேச்சுக் கொடுத்தபடி போடவைத்தார். இரண்டாவதன்போது வண்டி நிறுத்துமிடத்தில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன், அம்மாவிடம் டயர் பஞ்சர் என்றேன். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம், இனி காலத்துக்கும் என்றால் எப்படி என்று எனக்கு உள்ளுக்குள் உதறல். மூன்றாவதை நர்ஸம்மாவிடம் ஆபீசிலேயே போட்டுக்கொள்கிறேன் என்றேன், ஆபீசில் சமூகக் கூடத்திலேயே போட்டாகிவிட்டது என்றேன். ஊருக்கே ஏற்பாடு செய்கிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? சாயங்காலம் தோளில் ஒரு பிளாஸ்திரியை நானே ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். உன் அம்மா அதைப் பார்த்ததும் வெந்நீர் வைத்தாள். அவள் விரல்கள் மூட்டு நோயில் எப்படி வீங்கியிருக்கும் என்று உனக்குத் தெரியும், பாட்டில் மூடியைத் திறக்கவே என்னைக் கூப்பிடுகிறவள், அந்தக் கையால் துணியைப் பிழிந்து பிழிந்து என் தோளில் ஒத்தடம் கொடுத்தாள். வலிக்குதா, இன்னிக்கு நீங்க தண்ணிக் குடத்தைத் தூக்க வேண்டாம் என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சாப்பிடும் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், அவளுக்குப் போடும் ஊசி முழுசாகப் பிடிக்காது, வீட்டில் இருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அவளுக்குக் காவல் என்று மூட்டு டாக்டர் என்னிடம்தான் சொல்லியிருந்தார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

அடுத்த வாரம் கடைத்தெருவின் முறை. மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் தையல்காரரை நினைவிருக்கிறதா, உன் பள்ளிச் சீருடையை எப்போதும் ஒரு விரற்கடை பெரிதாகவே தைத்து, பிள்ளை வளரும் சார் என்பாரே, அவர்தான். வரிசையில் நின்றவர், முறை வந்ததும் சட்டைக்கையை மடித்தார், மடித்ததைத் திரும்ப இறக்கினார், இன்னொரு நாள் வர்றேம்மா என்று வாசலைப் பார்த்து நடந்தார். அவர் கழுத்தில் வேர்வை ஓடியதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது, அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் புரிந்திருக்கும். புரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? நான் மைக்கில், என்ன டெய்லரே, நாள் பூரா ஊசியைப் பிடிக்கிற கை, ஊசியைப் பார்த்து ஓடுதே என்றேன். கூடமே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் வெளியே போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் எனக்குத் தொண்டை கரகரத்தது, மாட்டுக்கொட்டகைத் தூசி என்று விட்டுவிட்டேன். பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல், மூச்சுத்திணறல். பரிசோதித்தால் இரண்டு பேருக்கும் தொற்று. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் என்னைப் பார்த்து, பூஸ்டர் போட்டாச்சா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா, பேச மூச்சு இல்லாதவள், முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு, டாக்டர், அவர்தான் எங்க பக்கம் எல்லாருக்கும் ஏற்பாடு பண்றவர், முதல் ஆளா போட்டுக்கிட்டார் என்றாள். எவ்வளவு பெருமை அந்தக் குரலில். நான் தலையாட்டினேன். அதற்காக இன்றுவரை என் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று சொல்ல முடியாது, போட்டிருந்தாலும் வந்திருக்கலாம் என்று அந்த டாக்டரே பின்னால் சொன்னார். அந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொள்ள நான் பார்க்காமல் இல்லை, கை வழுக்குகிறது.

அம்மாவை அங்கே விட்டுவிட்டு நான் வீட்டில் தனியாக அடைந்து கிடந்தேன். மத்தியானம் வெளிக்கதவில் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தையல்காரர், கையில் சாப்பாட்டுப் பை. அங்கிருந்தே, வீட்டுல உங்களுக்கும் சேர்த்து சமைச்சாங்க சார், கதவுல மாட்டிட்டுப் போறேன் என்றார். அதோடு போயிருக்கலாம். நின்று, அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான் சார், நான் பயந்தாங்கொள்ளி, அடுத்த முகாமுக்குக் கண்டிப்பா வந்துடறேன் என்றார். என்னால் தாங்க முடியவில்லை. நானும் போட்டுக்கலை என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, எனக்கோ தொண்டை கட்டியிருக்கிறது, நடுவில் முற்றம், காதில் கையை வைத்துக்கொண்டு என்ன சார் என்கிறார். கத்தினேன், நானும் ஊசி போட்டுக்கலை, எனக்கும் பயம், பொய் சொல்லிட்டேன் என்று. எதிர் வீட்டு மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாள் குடுவையைப் பிடித்தபடியே திரும்பிப் பார்த்தாள். தையல்காரர் பையைக் கதவில் மாட்டினார். பிறகு, சாப்பாடு ஆறிடும், எடுத்துக்கோங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாளும் வந்தார், பையை மாட்டினார், போனார். அதற்கடுத்த நாள் போகப் போனவர் திரும்பி, அன்னிக்கு என் பொண்ணும் வரிசையில நின்னுட்டிருந்தா சார் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அதையும் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது, அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ அந்த வரிசையில் நின்றிருந்து, யாரோ ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து எல்லாரையும் சிரிக்கவைத்திருந்தால் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா வீடு திரும்பியதும் எதிர் வீட்டு மாடி முந்திக்கொள்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். ஒத்தடத்தையும் விடாமல் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஊசிக்குப் பயந்தீங்க, சரி, அது உங்க கையில இல்லை, என்கிட்ட சொல்லியிருந்தா நான் வந்து பக்கத்துல உக்காந்திருப்பேன், அந்த மனுஷனைப் பாத்து எதுக்குச் சிரிச்சீங்க என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, மூன்றாவது நாள் பாட்டில் மூடியைத் திறக்கச் சொல்லி நீட்டினாள்.

நர்ஸம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி, இந்தப் பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்றேன். அவள் விடவில்லை. ஏற்பாடு நல்லாத்தான் இருந்துச்சு சார், நீங்கதான் சரியில்லை என்றாள், முகத்துக்கு நேராக. பிறகு, உங்களை மாதிரி எத்தனை பேர் இருக்காங்களோ, அவங்களுக்கு ஒரு வழி யோசிங்க என்றாள். யோசித்தேன். வியாழக்கிழமை காலையை மட்டும் தனியாக ஒதுக்கினோம், திரை போட்டு, படுத்துக்கொண்டே போட்டுக்கொள்ள ஒரு கட்டில், கூட யாரையும் அழைத்து வரலாம், மைக் கிடையாது. தொற்று வந்து போனவர்கள் ஊசிக்குப் பொறுக்க வேண்டிய காலம் முடிந்ததும் நானும் போனேன். இரும்புக்கடை முதலாளியைப் பார்த்திருக்கிறாயே, வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாரே, அவர் மனைவியின் கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரர் மகளோடு வந்திருந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அது நியாயம்தான். அவர் எனக்கு முன்னால் உள்ளே போய், வந்து, என் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்து, படுத்துக்கிட்டா பரவாயில்லை சார் என்றார். நான் படுத்துக்கொண்டேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள், நான் அழுத்திப் பிடித்ததில் அவளுக்குத்தான் அதிகம் வலித்திருக்கும். ஐயோ என்று சத்தம் போட்டுவிட்டேன், திரைக்கு வெளியே எல்லாருக்கும் கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்திருக்கும்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் அளக்க மாட்டேன். அடுத்த தவணைக்கு இன்னும் எத்தனை நாள் என்று இப்போதே எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஆனால் போவேன், அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன். பால்பண்ணையில் ஒன்றிரண்டு பேர் ஜாடையாகக் கேலி பேசுகிறார்கள், பேசட்டும். நீயும் மாப்பிள்ளையும் உங்கள் பூஸ்டரை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள். அங்கே குளிர் அதிகம் என்றாயே, குட்டிப்பயலுக்கு ஈரத்தலையோடு தொப்பி போடாதே. அம்மாவிடம் போனில் பேசும்போது மூச்சு எப்படி இருக்கிறது என்று நேரடியாகக் கேட்காதே, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வாள், மாடிக்குப் போய் எதையாவது எடுத்து வரச் சொல்லிவிட்டுக் கவனித்துக் கேள்.

இன்னொன்று. குட்டிப்பயலுக்கு அடுத்த மாதம் தடுப்பூசி இருப்பதாக அம்மா சொன்னாள். அழுதால், நல்ல பிள்ளை அழாது, பார் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொல்லாதே கண்ணு. அழட்டும். மடியில் வைத்துப் பிடித்துக்கொள், அது போதும்.

நீங்கள் மூன்று பேரும் எல்லா நலனோடும் நீண்ட காலம் ஒன்றாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா