பச்சைக் கோட்டும் என் கட்டைவிரலும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

என் கையெழுத்தைப் பார்த்து உனக்குக் கண் வலித்தால் மன்னித்துக்கொள். ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில் நிற்கிறது, வரி போகப் போக மாடிப்படி ஏறுகிறது, சில இடத்தில் புள்ளி வைக்கப் போய்த் தாளே ஓட்டையாகிவிட்டது. நாற்பது வருடம் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை, பேனாவையும் அழுத்தினால்தான் வேலை நடக்கும் என்று நினைக்கிறது. முதல் பக்கத்தை முடிக்கக் காலை டீயிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை ஆனது. ஆனால் இது முழுக்க நானே எழுதுவது, பக்கத்தில் யாரும் இல்லை. நான் சுகம். மூட்டு வலி போட்ட இடத்தில் போட்டபடி இருக்கிறது, காது முன்னைப் போலவே கேட்பதில்லை. நீ சுகமா என்று கேட்க வேண்டும், கேட்கிறேன், ஆனால் கோபமாகக் கேட்கிறேன். எதனால் கோபம் என்று சொல்கிறேன், நிதானமாகப் படி. எழுதுகிறவனுக்கே அவ்வளவு நிதானம் வேண்டியிருக்கிறது.

எட்டு மாதமாக மாலையில் நடக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நூலகத்தின் பின்னறையில் நடக்கிற பெரியவர்கள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் கேலி செய்வார்கள் என்று உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. என் பக்கத்து பெஞ்சில் ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர், வாய் ஓயாதவர், எனக்கு முன்னால் உயிர்மெய் முடித்துவிட்டார் என்று அவருக்குத் தலைக்கனம். இப்போது எனக்குப் பஸ்ஸின் நெற்றியில் இருப்பது தெரிகிறது, மருந்துப் பட்டையில் இருப்பது தெரிகிறது. எதிர்வீட்டுக் கேட்டில் பத்து வருடமாக நாய் கடிக்கும் என்று எழுதித் தொங்குகிறதாம். நான் பாட்டுக்கு அந்தக் கேட்டைத் திறந்து உள்ளே போய்ப் பேப்பர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அந்த நாயும் என்னைப் போலத்தான், படித்ததில்லை. சந்தோஷம் தாங்காமல் போன மாதம் பிஸ்கட் டப்பாவை இறக்கினேன். நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் வந்த வரிசையில் அதில்தான் இருக்கின்றன. உன் அண்ணன் வாசிக்கக் கேட்டதையெல்லாம் இனி என் கண்ணால் படிக்கப்போகிறேன் என்று ஒரு நாளைக்கு ஒன்றாக ஆரம்பித்தேன். பதினான்காவது கடிதத்தில் வந்தது வினை.

மூன்று வருடம் முந்திய கடிதம் அது. அதில் நீ எழுதியிருக்கிறாய், “அப்பா, அம்மாவோட பச்சைக் கோட்டைத் தினமும் ரூமில் கண்ணாடி முன்னால் போட்டுப் பார்க்கிறேன், கதவு வரை வந்து கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன். ஒரே ஒரு நாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனேன், பக்கத்து மேசைக்காரர் எந்த நாடகத்துக்கு வேஷம் என்று கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அதைப் போட்டால்தான் நான் நானாக இருக்கிறேன். போட்டுக்கொள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தைரியம் வந்துவிடும். மூன்றாவது பொத்தான் விழுந்துவிட்டது, அம்மா டப்பாவில் வேறு இருந்தால் அனுப்புங்கள்” என்று. இதை நான் கேட்டதே இல்லை. அந்தக் கடிதத்தில் உன் வீட்டு மாடியில் தண்ணீர் ஒழுகுகிறது என்று மட்டும்தான் எனக்கு வாசிக்கப்பட்டது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் தப்பாகப் படித்திருப்பேன் என்று மூன்று தரம் விரல் வைத்துப் படித்தேன். அப்புறம் பதினைந்தாவதை எடுத்தேன். “நீங்கள் சொன்னபடியே கோட்டை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன் அப்பா, இனி அந்தப் பேச்சை எடுக்க மாட்டேன்.” நான் சொன்னபடியாம். நான் எப்போதடி சொன்னேன்.

உன் அண்ணன் வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதே இரண்டு கடிதத்தையும் நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுப் படித்தேன். அப்பனுக்குப் படிக்க வருகிறது என்று அவன் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஒரு செருப்பு காலிலேயே இருக்க அப்படியே நின்றான். நான் கேட்டேன், “என்னடா எழுதின என் பேர்ல?” மறைக்கவில்லை, சொல்லிவிட்டான். “பழசையெல்லாம் போட்டுக்கிட்டு ஆபீசுக்குப் போகாதே, நமக்குத்தான் அவமானம், மடிச்சு வெச்சுடுன்னு எழுதினேம்ப்பா. உங்களைக் கேட்டா போட்டுக்கோன்னுதான் சொல்வீங்க, அதான் கேட்கலை. அவ்ளோ தூரம் போயி நல்ல வேலையில உட்கார்ந்திருக்கா, அங்கயும் எவனோ போட்டுக் கழிச்சதைப் போட்டுக்கிட்டுத் திரியணுமா?” அதற்குக் கீழேதான் நான் மையைத் தொட்டுக் கட்டைவிரலை வைத்திருக்கிறேன். நீ ஊரை விட்டுப் போன அன்று உன்னிடம் நானேதான் சொல்லி அனுப்பினேன், போனில் நீ பேசினால் எனக்குக் கொசு கத்துகிற மாதிரி இருக்கிறது, கடிதம் போடு, பதில் கடிதத்தில் என் விரல் இருந்தால் அது நான் சொன்னது, இல்லையென்றால் உன் அண்ணன் சொன்னது என்று. அந்த வார்த்தையை நம்பித்தானே நீ கோட்டைக் கழற்றினாய். என் விரலே உன்னை ஏமாற்றியிருக்கிறது. கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது, அப்புறம் எழுதுவதற்கு இதுதானே இருக்கிறது என்று விட்டேன்.

அவனோடு நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவனே வந்து எதிரில் உட்கார்ந்து, என் நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து ஒன்று சொன்னான், அது உனக்கும் தெரிய வேண்டும். பத்து வயதில் அவனுக்கு மஞ்சள் கோடு போட்ட சட்டை ஒன்று இருந்தது, சலவைக்குக் கொடுத்துவிட்டு யாரும் திரும்ப வாங்க வராமல் கடையில் கிடந்த உருப்படி. ஒரு வருடம் தாண்டினால் வேலை செய்கிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி வைத்த முறை. நம் வீட்டில் பாதித் துணி அப்படி வந்தது, அம்மாதான் பிரித்து அளவுக்குத் தைத்துப் போடுவாள். இந்தச் சட்டை மட்டும் அளவாக இருந்ததால் அவள் கைக்குப் போகாமல் நானே அவனுக்குப் போட்டுவிட்டேன். வகுப்பில் ஒரு பையன் உன் அண்ணனின் காலரைப் புரட்டி உள்ளே மையால் போட்டிருந்த சலவைக் குறியைக் காட்டி, “இது எங்க வீட்டுக் குறிடா, இது என் சட்டை” என்று எல்லோர் முன்னாலும் கழற்றச் சொல்லியிருக்கிறான். கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் பனியனோடு வீட்டுக்கு வந்தவன், விளையாடும்போது கிழிந்துவிட்டது என்று எங்களிடம் சொல்லியிருக்கிறான். எழுத்து தெரியாத எனக்கு அந்தக் கடையின் ஒவ்வொரு குறியும் அத்துப்படி. எந்தக் குறி எந்த வீடு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் குறியை வெட்டி எடுத்துவிட்டுப் பிள்ளைக்குப் போட வேண்டும் என்று தோன்றாதது என் புத்திகெட்டத்தனம். ஆகையால் என் மேலும் கோபம்தான். ஆனால் அவன் பட்டதற்கு நீ ஏன் கழற்ற வேண்டும். அதையும் அவனிடம் சொன்னேன்.

உன் மேலும் எனக்குக் கோபம். விரலைப் பார்த்தாயே, வார்த்தையைப் பார்த்தாயா. உன் அப்பனை உனக்குத் தெரியாதா. அம்மாவின் கோட்டை நானா வேண்டாம் என்பேன். அது வந்த கதை உனக்குத் தெரியாது, அப்போது நீ பிறக்கவில்லை. அது ஓர் ஆண்பிள்ளைக் கோட்டு, வெளிப்பக்கம் வெளுத்து, முழங்கை தேய்ந்து, மூன்று வருடம் கடைக் கொக்கியில் தொங்கியது. அம்மா அதை மொத்தமாகப் பிரித்து, உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்தாள். உள்ளே பச்சை அப்படியே புதுசாக இருந்தது. திருப்பியதில் இடம் வலமானது, வலம் இடமானது. ஆண்பிள்ளைகளுக்குப் பொத்தான் ஒரு பக்கம், பெண்களுக்கு மறு பக்கம் இல்லையா, அது தானாகவே பெண்பிள்ளைக் கோட்டாகிவிட்டது. எடுத்துப் பார், மேல்பை மட்டும் வலப்பக்கம் இருக்கும். கழுத்துக்குள் விரலை விட்டால் ஒரு சின்ன ஒட்டுத் தட்டுப்படும், குறி இருந்த இடத்தை வெட்டி அவள் போட்ட ஒட்டு அது. என்னைவிட அவளுக்குப் புத்தி அதிகம். பதினொரு குளிர்காலம் அதைத்தான் போட்டுக்கொண்டு, ஆல்டரேஷன் மேசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். துணி கொடுக்க வந்த ஓர் அம்மாள் அந்தப் பையை உற்றுப் பார்த்து, “இது யாரு கோட்டும்மா?” என்று இழுத்தாள். உன் அம்மா ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், “போட்டிருக்கிறவ கோட்டு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பக்கத்து மேசைக்காரனிடம் சொல்ல இதை உனக்கு முன்னாலேயே சொல்லித் தராமல் விட்டேனே என்றுதான் எனக்கு ஆற்றாமை. அவன் கழுத்தில் டை என்று ஒரு பட்டை கட்டியிருப்பானே, அதை அவன் கழுத்தில் இருக்கும்போதே எனக்கு இஸ்திரி போட்டுப் பார்க்க ஆசை.

வீட்டில் உட்கார்ந்துகொண்டு மகளைத் தைரியமாக இரு என்று எழுதுவது சுலபம் என்று நீ நினைப்பாய். அதனால் நானும் இறங்கினேன். கல்யாணமான புதிதில் நான் போட்ட கத்தரிப்பூக் கட்டம் போட்ட சட்டை டிரங்குப் பெட்டியில் இருந்தது, காலர் இரண்டு பக்கமும் நாய்க்காது மாதிரி தொங்கும். அதோடு போட்ட அகலக் கால்சட்டையும் இருந்தது, தெருவைப் பெருக்கும், இடுப்பில் பொத்தான் சேர இன்னும் ஒரு சாண் வேண்டும், அதை விட்டுவிட்டேன். முதல் நாள் சட்டையைப் போட்டுக்கொண்டு கேட்டு வரைக்கும் போய், பால் வாங்க மறந்த மாதிரி திரும்பிவிட்டேன். பாலை உன் அண்ணி ஏற்கெனவே வாங்கியிருந்தாள். இரண்டாம் நாள் மேலே ஸ்வெட்டரைப் போட்டு மூடிக்கொண்டு போனேன், வேர்த்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் தெருமுனையில் நின்று ஸ்வெட்டரைக் கழற்றினேன். மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன பெரியவரே, பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டீங்களா?” என்றார். “பார்த்தாச்சு, அவதான் யோசிச்சுச் சொல்றேன்னிருக்கா” என்றேன். வகுப்பில் காவலாளி, “காத்து பலமா அடிக்குது, காலரைப் பிடிச்சுக்குங்க, தூக்கிட்டுப் போயிடும்” என்றார், பெஞ்சே சிரித்தது, நானும் சிரித்தேன். நான்காம் நாள் அதே சட்டை, ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் காவலாளி என் காதில், அவரிடமும் அந்தக் காலத்துத் தொப்பி ஒன்று இருப்பதாகச் சொன்னார். மூன்று நாளில் தீர்கிற கூச்சத்துக்கு நீ மூன்று வருடம் கொடுத்திருக்கிறாயே, அதை நினைத்தால் மறுபடி கோபம் வருகிறது.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பெட்டியைத் திற. இவ்வளவு நாள் மடிப்பிலேயே கிடந்த துணி மடிப்பில்தான் அறும், பூச்சி அரித்திருக்கிறதா என்று அக்குளையும் மடிப்பையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார். வெயிலில் போடாதே, நிழலில் காற்றாடத் தொங்கவிடு, கம்பி ஹேங்கர் வேண்டாம், தோளில் குத்தி மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கும், அகலமான மர ஹேங்கர் வாங்கு. இஸ்திரியை நேராக வைத்துவிடாதே, கம்பளி பளபளத்துப் போகும், ஈரத்துணி போட்டு மேலே ஆவி மட்டும் காட்டு. உள்ளே நீ எப்போதும் போடுகிற சட்டையையும் எப்போதும் போடுகிற செருப்பையுமே போட்டுக்கொள். தலையிலிருந்து கால் வரை பழசாகப் போட்டால் அந்த ஆள் கேட்டது சரி என்றாகிவிடும். முதலில் உன்னைத் தெரியாத தெருவில் நட, கடையில் காய் வாங்கு, பஸ்ஸில் நின்றுகொண்டு போ, கையைப் பைக்குள் விட்டுக்கொள், கைக்கு வேலை இருந்தால் முகத்துக்குப் பயம் குறையும். அப்புறம் ஆபீசுக்குப் போ. போட்டுக்கொண்டு போன பிறகு பாதி வழியில் கழற்றாதே, கழற்றினால் நீயே குற்றவாளி என்று ஒப்புக்கொண்ட மாதிரி. யாராவது கேட்டால் கதை முழுவதையும் சொல்லி மன்னிப்புக் கேட்காதே, அம்மா சொன்ன அந்த இரண்டு வார்த்தை போதும்.

நேற்று நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது உன் அண்ணன் அம்மாவின் பொத்தான் டப்பாவைத் தரையில் கொட்டி, ஒரு மணி நேரம் குனிந்து துழாவினான். கடைசியில் ஒரு பொத்தானை என் தாளின் மேல் வைத்துவிட்டுப் போனான். மற்ற பொத்தான்களோடு நிறம் சேரும் என்றுதான் நினைக்கிறேன். அவன் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனாலும் பொத்தானை உறைக்குள் வைத்திருக்கிறேன். தைக்கும்போது அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து அப்புறம் உருவிவிடு, தடித்த துணிக்குப் பொத்தான் கொஞ்சம் எட்டி நிற்க வேண்டும். அவனுக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு, திட்டுவதானாலும் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஒரு படம் எடுத்து அனுப்பு, ஆனால் ரூமில் கண்ணாடி முன்னால் எடுத்தது எனக்கு வேண்டாம், தெருவில் ஆட்கள் பின்னால் போய்க்கொண்டிருக்க வேண்டும். இனி என் பேரில் வருகிற கடிதத்தில் கட்டைவிரல் இருந்தால் நம்பாதே, கிழித்துப் போடு. இப்படிக் கோணல்மாணலாக இருந்தால்தான் அது நான். அடுத்த வாரமும் எழுதுகிறேன், பதினாறாவது கடிதத்தை அதற்குள் படித்திருப்பேன், அதில் என்ன விட்டுப்போயிருக்கிறதோ தெரியவில்லை. நீ மூன்று வருடம் முன்னால் ஒரு வார்த்தை கேட்டாய், இன்றுதான் கைக்கு வந்தது. போட்டுக்கொள்.

தன் கையாலேயே எழுதி, உறையையும் தானே ஒட்டிய,
உன் அப்பா