குழியறைக் காற்று: ஏறுமுகம்

பணிநாள் 61 · 06:20

மூன்றாம் கிட்டங்கி, நிலவின் தென்முனை. பதிவு செய்வது குத்தகைக்காரி சீனித்தாய். கிடங்கு நிறையப் பனிக்கட்டிச் சரக்கு அடுக்கியபடி இருக்கிறது. கிட்டங்கிக் காற்று சரி. வெளியே இருட்டு; இந்தப் பள்ளத்தில் சூரியன் எட்டிப் பார்த்ததே இல்லை.

ஒரு பழுது. கீழே குழியறையில் காற்றுத் தொட்டியின் அழுத்தத்தை அளந்து தானாக அனுப்பும் கருவி நின்றுவிட்டது. அங்கே பனியைத் துளைத்து எடுக்கிறவன் இன்னாசி, மணப்பாட்டுக்காரன், தொழிலில் என் கூட்டாளி. இனி அவன் தொட்டியின் அழுத்தமானி ஊசியைப் பார்த்துக் காலையும் மாலையும் ரேடியோவில் சொல்வான். நான் அட்டவணையில் தட்டிக்கொள்வேன். பிறகு அட்டவணையைப் புள்ளியியல் மென்பொருளில் ஏற்றினால், போக்கு என்ன என்று அது சொல்லும்.

இன்று காலை அளவு 108/-.

அந்த '/-' வால் ஏன் என்று கேட்பீர்கள். தூத்துக்குடியில் பழைய உப்புச் சாக்கு வாங்கி விற்றுத்தான் நான் தொழிலைத் தொடங்கினேன். எண்ணுக்குப் பின்னால் கோடு இழுக்காமல் விட்டால் ஒருத்தன் பூஜ்யம் சேர்த்துவிடுவான். கை பழகிவிட்டது.

பணிநாள் 62 · 18:40

நேற்று மாலை 104/-. இன்று காலை 101/-. மாலை 98/-. துளைப்பு நடக்கிறது. குழியறையில் பனியை உருக்கிக் காற்றாக்கும் எந்திரம் ஒன்று உண்டு. அது அவ்வப்போது தொட்டியை நிரப்பும். இரண்டு நிரப்புக்கு நடுவில் அளவு இறங்குவது சகஜம்.

இன்னாசி: "எக்கா, எந்திரத்துக்க சத்தம் ஒரு மாதிரி கொறைஞ்சு கெடக்கு. விளக்கு பச்சையாத்தான் எரியுது."

நான்: "பச்சை எரியுதுல்லாலே, பெறகென்ன?"

இன்னாசி: "பச்சை எரிஞ்சா போதுமா? எங்க ஊருக் கலங்கரை விளக்கமுந்தான் எரியும். அதுக்காவ மீனு கெடச்சிருமா?"

வாய் அவனுக்கு. குறித்துக்கொண்டேன்.

பணிநாள் 63 · 18:55

காலை 95/-. மாலை 92/-.

நாளை மறுநாள் இறங்குதளத்துக்குக் கப்பல் வருகிறது. பக்கீர் லெப்பை, கப்பலின் சரக்கு ஏஜெண்ட், கீழக்கரைக்காரர், இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். சரக்கோடு இழுவை வண்டி இன்றே கிளம்பினால்தான் போய்ச் சேரும். வண்டி ஒன்றுதான்; ஓட்ட ஆள் இல்லை, தானே ஓடும். குழியறைக்கு மாற்று சிலிண்டர் கொண்டுபோவதும் அதே வண்டிதான். அங்கே அனுப்பினால் இங்கே இல்லை.

அதனால் முதலில் போக்கைப் பார்த்தேன். ஆறு அளவையும் மென்பொருளில் ஏற்றினேன். கோட்டுப்படம் முதலில் இறங்கி, நடுவில் குபுக்கென்று தாவி, மேலேயே நிற்கிறது. அடியில் ஒரு வரி: குழியறைக் காற்று: ஏறுமுகம்.

எந்திரம் தொட்டியை நிரப்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வண்டியைச் சரக்கோடு அனுப்பினேன்.

பணிநாள் 64 · 07:05

அளவு 89/-.

இன்னாசி: "எக்கா, தலை வலிக்கி. ராத்திரி பூரா யாரோ நெஞ்சுல ஒக்காந்திருந்த மாதிரி இருந்து."

நான்: "கணக்கு ஏறுமுகம்னு காட்டுதுலே. தண்ணியக் குடிச்சிட்டுப் படு."

இன்னாசி: "இங்க மூச்சு விடுதது கணக்கா, நானா?"

ஒன்றை இங்கே உள்ளபடி எழுதிவிடுகிறேன். என் கண்ணும் எண்ணைப் பார்த்தது. 108, 92, 89. மென்பொருள் வேறு சொன்னது. இரண்டு பதிலில் எனக்குத் தோதான பதிலை எடுத்துக்கொண்டேன். சந்தையில் எதிராளி இப்படிச் செய்யும்போது சிரித்துக்கொண்டே சரக்கைத் தள்ளிவிடுகிறவள் நான்.

பணிநாள் 64 · 18:30

அளவு 84/-. ஏற்றினேன். ஏறுமுகம்.

இன்னாசி: "படத்துல இப்பம் எவ்வளவு நிக்கி? நம்பரச் சொல்லுங்க."

படத்தின் ஓரத்தில் இருந்த எண்களை அப்போதுதான் படித்தேன்.

நான்: "நாலு."

இன்னாசி: "நாலா? எக்கா, நாலு இருந்தா நான் செத்துல்லா போயிருக்கணும்."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. 84 என்று தட்டியது எப்படி நாலாகும்?

பணிநாள் 64 · 19:50

கண்டுபிடித்தாயிற்று. அடுத்து இந்த மேசையில் உட்காருகிறவருக்காக எழுதுகிறேன்.

அட்டவணையில் எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்க வேண்டும். என்னுடையவை இடது ஓரத்தில் நின்றன. இடது ஓரம் என்றால் மென்பொருளுக்கு அது எண் இல்லை, எழுத்து. நான் போட்ட வாலால் வந்தது. ஒரு கட்டத்தில் வால் இருந்தாலே, மேலிருந்து கீழே ஓடும் அந்தப் பத்தி முழுவதும் எழுத்தாகிவிடும்; என்னுடையதில் எல்லாவற்றிலும் இருந்தது. எழுத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. ஆகவே மென்பொருள் பள்ளிக்கூடத்தில் பெயர்களை அடுக்குகிற மாதிரி என் அளவுகளை முதல் எழுத்துப்படி அடுக்கியது. ஒன்றில் தொடங்குபவை முன்னே: 101, 104, 108. பிறகு 84, 89, 92, 95, 98. இந்த வரிசைக்கு ஒன்று முதல் எட்டு வரை இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்தை வைத்துப் படம் வரைந்திருக்கிறது.

அதாவது அழுத்தம் நூற்றுக்குக் கீழே விழுந்த அன்றுதான் படம் தாவியது.

வண்டிக்குத் திரும்பச் சொல்லி ஆணை போட்டேன். சரக்கை வழியிலேயே கொட்டச் சொன்னேன்.

பணிநாள் 64 · 20:40

திருத்தம். முதல் தடவை பத்தியை எண்ணாக மாற்று என்றேன். மாற்றிவிட்டேன் என்றது. பார்த்தால் 3, 2, 1, 8, 7, 6, 5, 4. அதே இலக்கங்கள், இப்போது வலது ஓரத்தில் லட்சணமாக நின்றன. இதில்தான் பலர் விழுவார்கள். எண் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. முதலில் எழுத்து வகைக்குத் திருப்பு. வாலை வெட்டு. அதன்பிறகு எண்ணாக்கு. இந்த வரிசை மாறக் கூடாது.

ஒரு கட்டம் மட்டும் காலியாக வந்தது. 84க்குப் பின்னால் கோடு இரண்டு தடவை விழுந்திருந்தது. கையால் சரிசெய்தேன்.

இப்போது படம் ஒரே இறக்கம். எந்திரம் நிரப்பவே இல்லை. விளக்கு சும்மா பச்சை. அளவு எழுபதுக்குக் கீழே போனால் தொட்டியின் வால்வு திறக்காது. அது நாளை மறுநாள் காலை. வண்டி இங்கே வந்து, சிலிண்டர் ஏற்றி, குழியறைக்கு இறங்குவது நாளை மறுநாள் மாலை.

ஒரு பகல் இடிக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

பணிநாள் 65 · 06:30

அவனிடம் சொன்னேன். மழுப்பவில்லை.

நான்: "தப்பு என்னுதுலே. கணக்கு ஏறல, எறங்குது. வண்டியத் திருப்பிட்டேன். வர்றதுக்கு நாளைக்குச் சாயங்காலம் ஆவும். உன் காத்து காலையிலயே தீந்துரும்."

அவன் முதலில் கேட்டது இது.

இன்னாசி: "சரக்கு?"

நான்: "வழியில கொட்டியாச்சு."

இன்னாசி: "அய்யய்ய. எக்கா சரக்கக் கொட்டிட்டீயன்னா அப்பம் எனக்குச் சீரியஸ்தான்."

பிறகு அவனே ஒரு வழி சொன்னான். வெளியே போகப் போடும் உடுப்பில் தனிக் காற்று இருக்கிறது. கடைசியில் அதற்குள் புகுந்துகொண்டு அசையாமல் கிடந்தால் கொஞ்சம் இழுக்கலாம். எவ்வளவு என்று உடுப்பில் எழுதியிருப்பது வேலை செய்கிற ஆளுக்கு. சும்மா கிடக்கிற ஆளுக்கு எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை. என் அட்டவணையில் அதற்குப் பத்தியே இல்லை.

அளவு 79. வால் போடவில்லை.

பணிநாள் 65 · 19:15

அளவு 74. வண்டி வந்தது. ஆறு சிலிண்டர் ஏற்றினேன். கிளம்பிவிட்டது. பசிக்கவில்லை. சாப்பிட்டேன்.

பணிநாள் 66 · 07:10

அளவு 70.

இன்னாசி: "உடுப்பு போட்டுட்டேன். ரேடியோவ அணைச்சிருதேன் எக்கா, பேசுனா காத்து செலவு. கதவு உள்ளதான் தாப்பா. வண்டி தட்டுனா தொறக்கேன். ஒண்ணு சொல்லுதேன்... நான் வெளிய வந்தா இனிமே ஊசிய நீங்க பாருங்க, நான் தட்டுதேன்."

நான்: "வாலே. வந்து தட்டு."

இன்னாசி: "வருதேன்."

அணைத்துவிட்டான்.

பணிநாள் 66 · 18:20

வண்டி குழியறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டியின் செய்தி: "கதவில் மும்முறை தட்டினேன். உள்ளிருந்து தாழ் நீக்கப்படவில்லை."

மாலை அளவைச் சொல்ல ஆள் இல்லை. கட்டம் காலி.

மென்பொருள் கேட்கிறது: விடுபட்ட மதிப்பை என்ன செய்ய? பூஜ்யம் இடவா? முந்தையவற்றின் சராசரியால் நிரப்பவா? அப்படியே விடவா?

வண்டி இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் நடக்கிறது. பூஜ்யம் இட்டால் அறை மூடப்பட்டது என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். சராசரி இட்டால் தொண்ணூற்றுச் சொச்சம் வரும். எல்லாம் நலம் என்று அதற்கும் திரும்பிவிடும். காலியாக இருந்தால் மட்டும் நிற்கும்.

அப்படியே விட்டேன்.

பணிநாள் 66 · 21:00

பக்கீர் லெப்பை: "அம்மா, கப்பல் இன்னும் மூணு நாள்ல கிளம்புது. சரக்கு போவட்டும், அதப் பத்திப் பேச்சில்ல. நீங்க வரணும். அந்த வண்டி இல்லாம தளத்துக்கு எப்படி வருவீங்க? பூஜ்யத்தப் போட்டு இப்பவே திருப்புங்க, அப்பத்தான் வந்து சேரலாம்."

நான்: "பூஜ்யம்னா இல்லன்னு தெரிஞ்சதுக்குப் போடுறது பாய். எனக்குத் தெரியாது."

பக்கீர் லெப்பை: "தெரியாதுன்னு நீங்க சொல்லுறீங்க. எத்தன மணி நேரம் ஆச்சு? அல்லா மேல ஆணை, அந்தத் தம்பிக்காக நானும் துவா செய்யிறேன். ஆனா உங்களுக்கும் காத்து வேணும்ல? அடுத்த கப்பல் எப்பன்னு எங்க கம்பெனிக்கே தெரியாதும்மா."

நான்: "அப்போ அதையும் காலியா விடுங்க."

நல்ல மனிதர். அவர் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டேன்.

பணிநாள் 70 · 05:40

கப்பலின் வெளிச்சம் பள்ளத்தின் விளிம்புக்கு மேலே தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கிட்டங்கியில் காற்று இருக்கிறது. எவ்வளவு காலத்துக்கு என்று இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. போடத் தெரியும்.

பணிநாள் 70 · 07:00

குழியறை அளவு:

பணிநாள் 70 · 19:00

குழியறை அளவு:

மென்பொருள் மறுபடி கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் சராசரி என்கிற விடையை முதலில் வைத்து, அதன்மேல் சுட்டியையும் கொண்டுபோய் நிறுத்திக் கேட்கிறது. நான் இறக்கி, மூன்றாவதை அழுத்துகிறேன்.

வண்டி: "கதவடியில் நிற்கிறேன். உள்ளிருந்து தாழ் நீக்கப்படவில்லை. மீண்டும் தட்டவா?"

தட்டு.

பணிநாள் 71

குழியறை அளவு:

வண்டி: "மீண்டும் தட்டவா?"

தட்டு.