கடல் பக்கத்தில் ஒரு தகடு

அண்ணை,

நேற்று வீட்டுக்கு வெள்ளை அடிக்கவென்று மகள் எங்கள் பழைய சங்கப் பலகையைச் சுவரிலிருந்து இறக்கினாள். தூசி தட்டும்போது உங்கள் தகடு கழன்று விழுந்திருக்கிறது. அவள் அதை எடுத்துக் கரைப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"செத்துப்போன ஆளின்ரை தகடுதானே அப்பா, எந்தப் பக்கம் கிடந்தால் என்ன?" என்று கேட்டாள். முப்பது வயது தாண்டிய பிள்ளையை ஒரு தகரத் துண்டுக்காக அப்படி ஏசியிருக்கக்கூடாது. உங்களிடம் நான் ஒரு பொய் சொன்னது அப்போது அவளுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் குருநகருக்கு வந்த புதிதில் உங்களை நன்றாகப் பகிடி பண்ணினோம். நாதஸ்வரத்துக்குப் பேர்போன, கடலே இல்லாத அளவெட்டி ஆள், நீந்தத் தெரியாது, வள்ளத்தில் ஏறினால் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆனாலும் பதினாறு வருசம் வெளிச்சவீட்டில் வேலை பார்த்தவர். சண்டை தொடங்கி அதன் விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டிய பிறகு, ஒரு பித்தளை விளக்கைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எங்கள் வேதக்கோயில் சுவாமியாரிடம் வந்து நின்றீர்கள். "நாதஸ்வரத்து ஊரிலையிருந்து கடலுக்கு என்ன ஊத வந்தனீங்கள்?" என்று கேட்டது நான்தான். "ஊதுறதை நீர் ஊதும், நான் விளக்கைக் கொளுத்துறன்" என்றீர்கள்.

அதற்கு முந்திய சோளகக் காற்றுக் காலத்தில் எங்களில் மூன்று பேர் கரை திரும்பியிருக்கவில்லை. அதனால் சுவாமியார் உடனே ஓர் அறையைத் தந்தார். கரைசேர் சங்கம் என்று பெயர் வைத்தோம். இருட்டுப்பட முதல் இறங்குதுறை முனையில் விளக்கு ஏற்றுவது, லொறி ரியூப்புகளை ஒட்டிக் காற்றடித்து மிதவையாக வள்ளத்துக்கு ஒன்று கொடுப்பது, வராதவரைத் தேடிப் போவது. வேறு பெரிய வேலை ஒன்றும் இல்லை.

பலகை உங்கள் யோசனை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கரை என்று தாரால் எழுதினீர்கள். பால்மா ரின்னை வெட்டி, ஆணியால் இலக்கம் குத்தி, தொழிலுக்குப் போகும் எல்லோருக்கும் ஒரு தகடு. போகும்போது கடல் பக்கம் மாட்டவேண்டும், வந்ததும் கரைப் பக்கம். காலை எட்டு மணிக்குக் கடல் பக்கத்தில் எது தொங்கினாலும் நீங்கள் வள்ளம் இறக்குவீர்கள். "வந்தவன் தன்ரை கையாலை மாத்தவேணும். கண்டனான் எண்டு ஆரும் சொல்லுறதை நம்பி நான் ஒருத்தரையும் கரை சேர்க்கமாட்டன்" என்பீர்கள். எங்களுக்கு அது கொஞ்சம் கூடிப்போனதாகத்தான் பட்டது.

மகள் பிறந்த அன்று காலை நான் அந்தப் பிழையை விட்டேன். காற்றுத் தள்ளிப் பக்கத்து ஊரான கொழும்புத்துறையில் கரை தட்டினேன். மனுசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அங்கேயே சொன்னார்கள். வள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். தகட்டின் நினைப்பே வரவில்லை. என்னை ஆஸ்பத்திரி வாசலில் கண்டதாக ஒருவர் உங்களிடம் வந்து சொல்லியும் இருக்கிறார். நீங்கள் உங்கள் தகட்டையும் கடல் பக்கம் மாட்டிவிட்டு, இரண்டு பேரோடு மோட்டார் வள்ளத்தில் போய் மத்தியானம் தாண்டும் வரைக்கும் என்னைத் தேடினீர்கள். மண்ணெண்ணெய்க்குத் தடை இருந்த காலம். விளக்குக்கென்று ஊரில் போத்தல் போத்தலாகச் சேர்த்தது முழுவதும் அன்றைக்கு முடிந்தது. ஐந்து நாள் விளக்கு இல்லை, ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் வெட்கத்தோடு வந்து நின்றேன். என் தகடு இன்னும் கடல் பக்கத்தில்தான் இருந்தது.

"என்ன பிள்ளை?"

"பொம்பிளைப் பிள்ளை, அண்ணை."

"நல்லது. உதை மாத்தும்."

அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி ஊரே வெளிக்கிட்டபோது, நாங்கள் தகடுகளைக் கடல் பக்கம் மாட்டிவிட்டு, பெண்சாதி பிள்ளைகளை வள்ளங்களில் ஏற்றிக்கொண்டு தென்மராட்சிக் கரைக்குப் போனோம். நீங்கள் பலகையைச் சைக்கிளில் கட்டி, அந்தச் சனத்துக்குள்ளும் மழைக்குள்ளும் தெருவால் உருட்டிக்கொண்டு, வள்ளம் நிரப்பிப் பிந்திய எங்களுக்கு முன்னமே வந்து, ஒரு பனையில் சாய்த்து வைத்துவிட்டு நின்றீர்கள். ஒவ்வொருவராக இறங்கித் தகட்டை மாற்றினோம். பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது. கடைசியில் கடல் பக்கத்தில் ஒன்று மிஞ்சியது. எங்களில் மூத்த கிழவர் சூசை அப்புவின் தகடு.

ஒரு மணித்தியாலம் பார்த்தீர்கள். பிறகு என்னிடம் வந்தீர்கள்.

"மோட்டாருக்கு மண்ணெண்ணெய் கிடக்கோ?"

"இல்லை அண்ணை. முடிஞ்சுது."

"சரி. கோல் கிடக்குதுதானே."

உங்கள் தகட்டைக் கடல் பக்கம் மாட்டினீர்கள். என் வள்ளத்தையே எடுத்துக் கோல் ஊன்றித் தனியாகப் போனீர்கள். வாடைக் காற்று எழும்பியிருந்தது. ஒரு கையால் விளிம்பைப் பிடிக்கப் பார்த்ததை நான் கண்டேன்.

சூசை அப்பு அடுத்த நாள் காலை தெருவால் நடந்து வந்து சேர்ந்தார். தகட்டை மாட்டிய பிறகு, கூட்டத்தைக் கண்டு பயந்து வள்ளத்தில் ஏறவே இல்லையாம். பலகைக்கு முன்னால் நின்று தகட்டை மாற்றிவிட்டு, "தம்பி எங்கை?" என்று உங்களைப் பற்றிக் கேட்டார். மூன்றாம் நாள் வள்ளம் கவிழ்ந்தபடி ஒதுங்கியது. நீங்கள் ஒதுங்கவில்லை.

மண்ணெண்ணெய் இருந்தது. மகளின் உடுப்பு மூட்டைக்குள் ஒரு சின்னக் கலன். நாளைக்கு அங்கிருந்தும் அக்கரைக்கு ஓட வேண்டி வந்தால் என்ற பயத்தில் ஒளித்து வைத்திருந்தேன். பிறகு ஓட வேண்டியும் வரவில்லை. அந்த எண்ணெயில் ஜாம் போத்தல் விளக்குக் கொளுத்தினோம், மார்கழியில் நத்தார்ப் பெருநாள் வரைக்கும் வந்தது. உங்கள் தங்கச்சி அளவெட்டிக்குத் திரும்பிய பிறகு, உடல் இல்லாமலே கிரியைகள் செய்தார். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன். மோட்டார் ஓடியிருந்தால் அண்ணை தப்பியிருப்பாரோ என்று அவர் என்னைத்தான் கேட்டார். எண்ணெய் எங்கே கிடைத்தது அக்கா என்றேன்.

நேற்றுப் பின்னேரம் மகளை இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். "என்ரை மூட்டைக்குள்ளையோ?" என்று மட்டும் கேட்டாள். "ஓம்" என்றேன். அவள் எழும்பிப் போய் உங்கள் தகட்டைக் கழற்றிக் கடல் பக்கத்து ஆணியில் திரும்ப மாட்டினாள். வெள்ளை அடித்து முடிந்ததும் பலகையைப் பழைய இடத்திலேயே கொழுவுவோம்.

இப்போதும் கடைக்குப் போய் வந்தாலும் படியில் நின்று "வந்திட்டன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன். மனுசிக்கு அது பெரிய தொல்லை. உங்கள் தகட்டை மாற்ற எனக்கு உரிமை இல்லை. மண்ணெண்ணெய் கேட்டு வந்த உங்களுக்குச் சொன்ன மறுமொழியை மட்டும் மாற்றலாம்.

கிடந்தது, அண்ணை.