கட்டில் இரும்பு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நான்கு வருஷம் கழித்து எழுதுகிறேன், எடுத்த எடுப்பிலேயே திட்டாதே.

என் வேனுக்குப் பின்னால் ஸ்டெப்னி மாட்ட நானே இரண்டு பிராக்கெட் செய்துவிட்டேன். வண்டிக்கு அடியில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் சேற்றில் படுத்து எடுக்க வேண்டியிருக்கிறது. கடையில் விற்பது என் பழைய வேனுக்குப் பொருந்தவில்லை. பழைய இரும்புக்கடையில் ஒரு கட்டில் சட்டம் கிடந்தது. அதை அறுத்து, ஓட்டை போட்டு, வெல்டிங் செய்து, மூன்று பூச்சு கறுப்புப் பெயிண்டும் அடித்தாயிற்று. இரும்பா அது! ஓட்டை போடுவதற்குள் மூன்று டிரில் பிட் மழுங்கிவிட்டன. யானையையே கட்டலாம். பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் தினமும் வந்து தடவிப் பார்க்கிறார். "என் ரொட்டி வேனுக்கும் ஒண்ணு பண்ணிக் குடேன் தம்பி" என்று ஒரே நச்சரிப்பு.

டிப்போவில் இரும்பில் தடவிப் பார்ப்பாயே, அந்தச் சிவப்பு மருந்தை எடுத்துக்கொண்டு வா, விரிசல் இருக்கிறதா என்று நீயே பார்த்துக்கொள்.

உன் தம்பி

மார்ச் 9

என் செல்லத் தம்பிக்கு,

டிப்போவில் பஸ் அச்சுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் சிவப்புக் கையோடே பிரித்துவிட்டேன். கறைக்குக் கோபிக்காதே.

மூன்று பிட் மழுங்கியது என்று படித்த இடத்தில் என் சந்தோஷம் போய்விட்டது. பழைய தண்டவாளத்தைக் காய்ச்சி உருட்டிக் கட்டில் சட்டம் செய்வது உண்டு, பிட்டை மழுங்கடிக்கிற கெட்டி இரும்பு அதுதான். கட்டிலில் ஆள் சும்மா படுத்துக் கிடப்பான், அதற்கு அது போதும். வண்டியின் குலுக்கலுக்கு ஆகாது. நீ வெல்டிங் வைத்த சூட்டில் இன்னும் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். நல்ல இரும்பு உடைவதற்கு முன்னால் வளைந்து காட்டும். இது பிஸ்கட் மாதிரி பட்டென்று முறியும். ஸ்டெப்னி கழன்று உருண்டால் உனக்கு ஒன்றும் ஆகாதடா. பின்னால் வருகிறவர்களை நினைத்துப் பார்.

கழற்றிவிட்டு எழுது. குழந்தைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

உனக்கு எதைப் பார்த்தாலும் விரிசல்தான். டிப்போவில் நான் வெல்டிங் வைத்ததை எல்லார் முன்னாலும் "இதைக் கொண்டுபோய்க் குப்பையில போடு" என்றவள்தானே நீ. அன்றைக்கு வேலையை விட்டவன்தான் நான், மறக்கவில்லை.

பிராக்கெட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இடது பக்கத்தில் மட்டும் திருப்பத்தில் கிறீச் என்று ஒரு சத்தம் வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அதுவும் தானாக நின்றுவிட்டது. வெல்டிங் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. துடைத்துவிட்டு இன்னொரு பூச்சு அடித்தேன். இப்போது புதுசு மாதிரி இருக்கிறது.

தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

சத்தம் தானாக நின்றது என்கிறாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. விரிசல் அகன்று இரண்டு ஓரமும் உரசாமல் போனால்தான் சத்தம் நிற்கும். அந்தப் பழுப்புக் கோடு விரிசலுக்குள்ளே இருந்து வடிகிற துரு. நீ அதன்மேல் பெயிண்ட் அடித்ததால் இனி நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்று உன்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். எல்லார் முன்னாலும் சொன்னது என் தப்பு. நான்கு வருஷமாக அதை நினைத்து அழுதிருக்கிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. கையெடுத்துக் கும்பிடுகிறேன், கழற்றிவிடு.

அக்கா

மார்ச் 21

அன்பு அக்காவுக்கு,

கழற்றிவிட்டேன். இப்போது திருப்திதானே? நீ தப்பு என்று எழுதிய பிறகு எனக்கு என்ன வீம்பு வேண்டிக்கிடக்கிறது? ஸ்டெப்னி பழையபடி அடியில் போய்விட்டது, நானும் பழையபடி சேற்றில்.

நல்ல பொருளை வீணாக்க மனசு வரவில்லை. ரொட்டிக்காரருக்கே கொடுத்துவிட்டேன். புது போல்ட் போட்டு நானே அவர் வண்டியில் மாட்டினேன். "எல்லாம் உங்க அக்கா புண்ணியம்" என்று மனுஷனுக்கு வாயெல்லாம் பல். திங்கட்கிழமை காலை குடும்பத்தோடு மலைப்பாதை வழியாக மாமனார் வீட்டுக்குப் போகிறாராம்.

லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் வந்து இரு. குழந்தைகள் அத்தை எப்போது வருவாள் என்று கேட்கிறார்கள்.

உன் தம்பி

மார்ச் 24, திங்கள்

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நம் டிப்போ டிரைவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரொட்டிக்காரர் கிளம்பியிருந்தால் பின்னாலேயே ஓடு. நிறுத்தி, அந்த இடத்திலேயே கழற்று. உன்னை மட்டும் காப்பாற்றவா நான் இத்தனையும் எழுதினேன்?

அக்கா

அதே தாளின் பின்பக்கம்

அக்கா, பதினொரு மணிக்குக் கிடைத்தது. அவர் ஆறு மணிக்கே போய்விட்டார். டிரைவரை நிற்க வைத்து எழுதுகிறேன். வேனை எடுத்துக்கொண்டு போகிறேன்.

மார்ச் 26

அக்கா,

ரொட்டிக்காரரும் வீட்டாரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நான் போனபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் வண்டியின் பின்னால் பார்த்தேன். ஸ்டெப்னி இல்லை. வலது பிராக்கெட் போல்ட் ஓட்டையோடு பட்டென்று முறிந்திருந்தது. இடது பக்கத்தில் பாதிதான் மிச்சம். முறிந்த இடத்தில் முக்கால்வாசி பழைய துரு, கால்வாசிதான் பளபளவென்று இருந்தது. என் வேனில் இருக்கும்போதே விரிந்திருக்கிறது.

"எங்க விழுந்துச்சுன்னே தெரியல தம்பி. போனாப் போகுது, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே" என்றார். கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

பாலத்தடி டீக்கடையில் நின்றபோது இருந்ததாம். அதற்கப்புறம் மலைப்பாதை முழுக்க நேற்றும் இன்றும் நடந்தே தேடினேன். ஒரு வளைவில் சாலையோர மண்ணில் டயர் உருண்டு இறங்கிய தடம் இருக்கிறது. புதர்கள் நசுங்கியிருக்கின்றன. நேர் கீழே நாலு வீடு. அதில் ஒரு வீட்டு வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன. முற்றத்தில் ஆண்கள் நாற்காலி போட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

என்ன ஆயிற்று என்று போய்க் கேட்க வேண்டும். செய்தவன் நான் என்றும் சொல்ல வேண்டும். தனியாக என்னால் முடியாது. இதையும் டிப்போ டிரைவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், நாளைக் காலை முதல் பஸ்ஸில் வா. பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

தம்பி