பிளக்கைப் பிடுங்கிய மேனேஜர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். நான் நலம், உங்கள் இருமல் விட்டதா?

இங்கே ஒரு கூத்து, பயப்படாதீர்கள். ஆபீஸில் கணக்கு பார்க்கும் அக்காவின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. டிஸ்கில் தடயமே வைக்காத ரகம். மெமரியில்தான் ஒளிந்திருக்கும்; மெஷினை அணைத்தால் தடயமும் போய்விடும். "யாரும் அணைக்காதீங்க, மெமரியைக் காப்பி எடுக்கணும்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேனேஜர் பிளக்கையே பிடுங்கிவிட்டார். இப்போது, "அந்தம்மா கண்டதையும் கிளிக் பண்ணியிருப்பாங்க" என்கிறார். இல்லை என்று காட்ட என் கையில் ஒன்றுமில்லை. அக்கா அழுகிறார்.

மேனேஜர் கூப்பிடுகிறார், சண்டைக்குத்தான் போகிறேன். ஒன்று மட்டும் அப்பா. சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று போனை அணைத்து வைக்காதீர்கள். நீங்கள் எடுக்காவிட்டாலும் ரிங்காவது போகட்டும்.

உங்கள் மகள்