நாயகி கூந்தல் தைலம்

அம்பிட்டிய,
6 மார்ச் 1932

அன்புள்ள அத்தானுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதலில் தலையணையைத் தடவிப் பார்த்தேன். மாரிகாலம் முழுவதும் செய்து பழகிவிட்ட வேலை. கையில் ஒன்றும் அகப்படவில்லை. சந்தோஷமாக இருந்தது. விழுவதற்கு இனி ஒன்றும் இல்லை என்பது முகம் கழுவப் போனபோதுதான் நினைவுக்கு வந்தது.

பாத எரிவு கொஞ்சம் தணிந்திருக்கிறது. சுப்பம்மாவின் தோளைப் பிடிக்காமலே கிணற்றடி வரை போய்வருகிறேன். நம் வீட்டில் அத்தனை வருஷம் சமைத்தவள் என்னோடு புறப்பட்டு வந்துவிட்டாள் என்று உங்களுக்குக் கோபமாம். அவளை நான் கூப்பிடவில்லை. என் பெட்டிக்குப் பக்கத்தில் தன் மூட்டையை வைத்துவிட்டு, "நீங்க போனா நான் யாருக்கு ஆக்குறது?" என்றாள்.

சொல்லாமல் வந்ததற்குக் காரணம் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். வந்தவரிடம் சொல்லும் விஷயம் இல்லை. எழுதுகிறேன்.

போன வருஷம் ஆவணியில் உங்கள் சிநேகிதர்கள் இராச்சாப்பாட்டுக்கு வந்தார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். விளக்கு வெளிச்சத்தில் என் மேலுதட்டைப் பார்த்துவிட்டு, "எங்கடை வீட்டிலை எனக்கும் இவவுக்கும் ஒரு சவரக்கத்தி போதும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பட்டம் பெற்று, இருபது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒருத்தி வேறு என்ன செய்வாள்? சொதிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த கிழமை உங்கள் கடைப் பின்னறையில் நீங்களே கலந்த களிம்பைக் கொண்டுவந்தீர்கள். பன்னீர் வாசம். "பாரிசிலை பொம்பிளையள் இதைத்தான் பூசுகினம்" என்றீர்கள். பூசினேன். மேலுதட்டு மயிர் உதிர்ந்தது. ஐப்பசியில் தலைமயிர் சீப்போடு வந்தது, பிறகு கையோடு வந்தது, மார்கழியில் தலையணையிலேயே தங்கிவிட்டது. முழங்காலைத் தொட்ட முடி அத்தான். உள்ளங்கால்களில் தணல் வைத்த மாதிரி எரிவு. நெருப்புக்காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லச் சொன்னீர்கள். அப்படியே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று வேலையை விட்டுவிடச் சொன்னார்கள். விட்டேன். கடைசியில் நான் தனியாகப் போய்ப் பார்த்த டாக்டர் அம்மாதான் அந்தக் களிம்பில் இருப்பது எலிக்கு வைக்கிற நஞ்சு உப்பு என்றா.

அப்போதும் நான் புறப்படவில்லை. தெரியாமல் செய்துவிட்டார் என்றே இருந்தேன்.

தைப்பொங்கலுக்கு உங்கள் தங்கை வந்து, தனக்கும் வேண்டும் என்று ஒரு களிம்பு டப்பாவைக் கையில் எடுத்தா. அவவின் கையிலிருந்து அதை வாங்கி வைத்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "உனக்கேன் பிள்ளை இது? இது விக்கிற சாமான்." நான் அதே அறையில், தலையில் சேலையைப் போர்த்துக்கொண்டு, கதிரையில் இருந்தேன்.

இரண்டு கிழமை கழித்து உங்கள் புதுத் தைலம் வெளியானது. போத்தலின் மேல் என் பெயர். பெயருக்குக் கீழே நம் கலியாணத்துக்கு முன் எடுத்த என் படம், முழங்கால்வரை முடியோடு. அன்று மத்தியானமே பெட்டியை அடுக்கினேன்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் களிம்பை விற்காதீர்கள். நிறுத்தினால் மன்னிப்பேன் என்று எழுதவில்லை. நிறுத்துங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தையல்நாயகி


திருகோணமலை வீதி,
கண்டி,
15 மார்ச் 1932

அன்புள்ள நாயகிக்கு,

உமது கடிதம் கண்டேன். நீர் சுகமாயிருப்பது அறிந்து மகிழ்ச்சி. எழுத்தில் இவ்வளவு காரம் இருப்பதால் உடம்பு தேறிவருகிறது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் அம்மா சின்னப் பிள்ளை. புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறா. உப்பு என்றால் எல்லாம் அளவில்தான் இருக்கிறது. உமக்கு உள்ளுக்குள் காய்ச்சல் இருந்தது என்பது இன்றும் என் எண்ணம். தங்கச்சி விஷயத்தை நீர் பெரிதாக்குகிறீர். அவ கைக்குழந்தைக்காரி, வாசனைச் சாமான் எதற்கென்று சொன்னேன். ஒரு பகிடியையும் இவ்வளவு நாள் மனதில் வைத்திருப்பீர் என்று நான் நினைக்கவில்லை. சிநேகிதர்கள் நடுவில் ஆண்கள் ஏதாவது சொல்லத்தான் செய்வார்கள்.

படத்தைப் போட்டது அன்பினால். இந்தக் கண்டியில் உமது கூந்தலுக்கு நிகர் எதுவும் இருந்ததா? அது இப்போது கொழும்பு வரை போகிறது. வேறொருத்தி என்றால் பெருமைப்படுவாள்.

களிம்பைப் பற்றி யோசிக்கிறேன். கம்பளையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் கேட்டுக் கடிதம் வருகிறது, உடனே நிறுத்தினால் சனம் என்ன சொல்லும்?

இத்துடன் ஒரு டசின் போத்தல் தைலம் அனுப்புகிறேன். இரவில் தேய்த்துப் படும்.

என் சவரக்கத்தியைக் காணவில்லை, அப்பா தந்த யானைத்தந்தப் பிடி வைத்தது. உமது பெட்டிக்குள் வந்திருக்கிறதா என்று பாரும். சலூன்காரன் கன்னத்தைக் கீறுகிறான்.

வீடு வெறிச்சென்று இருக்கிறது.

அன்புடன்,
சுந்தரலிங்கம்


அம்பிட்டிய,
3 யூலை 1932

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். நாலு மாதம் அப்படியே இருந்தும் விட்டேன். இன்று காலை நடந்ததைச் சொல்ல வேறு ஆள் இல்லை. எதைக் கண்டாலும் முதலில் உங்களிடம் ஓடிவந்து சொல்லிய பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. அதற்காக என் மேலேயே எனக்குக் கோபம்.

முடி வந்துவிட்டது அத்தான்.

போன மாதமே சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. நான் நம்பவில்லை. இன்று சுப்பம்மா வெயிலில் என்னை இருத்திப் பார்த்துவிட்டு, "அம்மா! பச்சப் புள்ள தல மாதிரி இருக்கு! சுருட்டை வேற!" என்று கையைத் தட்டினாள். என் முடி சுருள்வதே இல்லை, உங்களுக்குத் தெரியும். இது சுருண்டிருக்கிறது. விரல் நகத்தின் நீளம் இருக்கும். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது. நாற்பத்துநாலு வயதில் ஒரு பொம்பிளை தன் தலையைத் தானே முத்தமிட வழி தேடுகிறாள்.

களிம்பை நிறுத்தினால் மெல்ல மெல்ல வரும் என்று டாக்டர் அம்மா அன்றே சொன்னா. அதுதான் நடந்திருக்கிறது. உங்கள் தைலத்தில் ஒரு போத்தலையும் நான் தலைக்கு எடுக்கவில்லை. சுப்பம்மாதான் கதவுக் கீலுக்கு ஊற்றுகிறாள். "ரொம்ப நல்ல எண்ணெய்ங்கம்மா, கதவு வாயத் தொறக்குறதே இல்ல. ஐயாவுக்குக் கொஞ்சம் அனுப்பலாமா?" என்கிறாள்.

பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் ஒரு மாணவி கிடைத்திருக்கிறாள். பெயர் ஹிதாயா. துணிக்கடை முதலாளி ஒருவரின் மகள், இங்கே வந்து இங்கிலிஷ் படிக்கிறாள். ஐப்பசியில் கலியாணம். கெட்டிக்காரி.

சவரக்கத்தியைத் தேடிப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தையல்நாயகி


திருகோணமலை வீதி,
கண்டி,
22 யூலை 1932

அன்புள்ள நாயகிக்கு,

கடிதத்தைப் படித்துக் கண்ணீர் விட்டேன். கடைப் பையன்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். (கீல் விஷயத்தை வாசிக்கவில்லை.)

இப்போது கவனமாகக் கேளும். வாட் வீதியில் பெரிய கடை எடுத்துவிட்டேன். ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, திறப்பு விழா. பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த சனம் ஊர் முழுக்க நிற்கும். விளக்கேற்ற நீர்தான் வரவேண்டும். உமக்கு முடி போன கதை இந்த ஊரில் தெரியாதவர் இல்லை. அந்தத் தலையில் இப்போது முடி இருக்கிறது. இதற்கு மேல் எங்கள் தைலத்துக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? நீர் பூசினீரா இல்லையா என்பது நமக்குள் இருக்கட்டும். சனத்துக்கு அந்த விபரம் தேவையில்லை.

நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. அதில் உள்ளபடியே எழுதுகிறேன்: "நெருப்புக்காய்ச்சலினால் கூந்தலை முற்றாக இழந்த நமது இல்லத்தரசியார், நாயகி தைலம் உபயோகித்துப் பெற்ற பலனைச் சகலரும் கண்ணாரக் காணும்படி நேரில் தோன்றுவார்."

ஆகவே தலையை மூடாமல் வாரும். சேலைத் தலைப்பை மேலே போடவேண்டாம். படம் பிடிக்கிறவர், பேப்பர்காரர், கோர்ட்டுப் புரொக்டர்மார் எல்லாரையும் அழைத்திருக்கிறேன். முன்வரிசையில் உமக்குக் கதிரை இருக்கும்.

களிம்பை உமது சொல்லுக்காக நிறுத்திவிட்டேன். தட்டில் ஒரு டப்பா இல்லை. இது சத்தியம். விழா முடிந்ததும் அப்படியே வீட்டுக்கு வந்துவிடலாம். உமது அலுமாரியை நான் இன்னும் திறக்கவில்லை.

கத்தி கிடைத்ததா?

அன்புடன்,
சுந்தரலிங்கம்


அம்பிட்டிய,
10 ஆகஸ்ட் 1932

அன்புள்ள அத்தானுக்கு,

வருகிறேன். வெள்ளிக்கிழமை காலை கார் அனுப்புங்கள்.

நீங்கள் கேட்டபடியே தலையை மூடாமல் வருவேன். கூறைச் சேலையை உடுத்துவேன், அது உங்களுக்குப் பிடிக்கும். படம் பிடிக்கிறவரை வாசலுக்குக் கிட்ட நிற்கச் சொல்லுங்கள், வெளிச்சம் நன்றாக விழும். நோட்டீசைத் தாராளமாகக் கொடுங்கள். கட்டுகஸ்தோட்டை வரை போகட்டும்.

உங்கள் சவரக்கத்தி கிடைத்துவிட்டது. என் பெட்டிக்குள்தான் இருந்தது. விழாவுக்கு வரும்போது கொண்டுவந்து உங்கள் கையிலேயே தருகிறேன்.

இப்படிக்கு,
தையல்நாயகி


இந்தப் பக்கம் உறைக்குள் போகாது. மேலே உள்ளதை மடித்து ஒட்டி, சுப்பம்மாவிடம் கொடுத்துத் தபாலுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் உங்களுக்கே எழுதுகிறேன், வேறு யாருக்கு எழுத?

நேற்று ஹிதாயா பாடத்துக்கு வந்தாள். முக்காட்டை எடுக்காமல் இருந்தாள். கேட்டதும் அழுதாள். "டீச்சர், சீப்போட வருது டீச்சர். காய்ச்சலும் இல்ல ஒன்னும் இல்ல. கலியாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கு, உம்மா பாத்தா செத்துப் போயிடுவா." என்ன பூசுகிறாய் என்றேன். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். மேலே களிம்பின் பழைய பெயர் இல்லை. சந்திரவதனப் பசை என்று புதுப் பெயர். "இது வேற சாமான் டீச்சர், இப்பதான் வந்திருக்காம். வாப்பா போன மாசம் வாங்கித் தந்தாரு." மூடியைத் திறந்தேன். பன்னீர் வாசம் அத்தான். கண்ணை மூடிக்கொண்டு எங்கே வைத்தாலும் சொல்லிவிடுவேன்.

தட்டில் ஒரு டப்பா இல்லை என்று எழுதினீர்கள். சத்தியம் என்றும் எழுதினீர்கள்.

டப்பாவைப் பிடுங்கிக்கொண்டேன். என் தலையை அவளுக்குக் காட்டினேன். நிறுத்தினால் திரும்பி வரும், பார் என்றேன். தொட்டுப் பார்த்தாள். "பூனைக்குட்டி மாதிரி இருக்கு டீச்சர்" என்று அழுகையோடு சிரித்தாள்.

இந்தப் பிள்ளைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எழுதினால் எனக்கு மதிப்பாக இருக்கும். இராத்திரி அப்படித்தான் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மை இல்லை. அவளுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். அவளுடைய வாப்பாவுக்கும் விபரமாக எழுதி அனுப்பிவிட்டேன். அது முடிந்த காரியம். வெள்ளிக்கிழமை எனக்கு.

விழுந்த முடியை நெருப்புக்காய்ச்சலின் கணக்கில் எழுதினீர்கள். முளைத்த முடியைத் தைலத்தின் கணக்கில் எழுதுகிறீர்கள். என் தலையில் நடப்பது ஒன்றும் என்னுடையது இல்லை என்றால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இப்போது அது அரை விரல் நீளம். ஒவ்வொரு காலையும் இனித் தலையணையைப் பார்ப்பதில்லை, தலையைத்தான் தொட்டுப் பார்க்கிறேன். உள்ளங்கையில் அது மெத்தென்று நிமிர்கிறது. நேற்றிலிருந்து கத்தியை எடுப்பதும் திரும்பப் பெட்டிக்குள் வைப்பதுமாக இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிய, சுப்பம்மா பால் வாங்கப் போனதும், கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியின் முன் இருப்பேன். காதோரம், பிடரி, உச்சி, ஒரு மயிர் மிச்சம் இல்லாமல் வழித்துவிடுவேன். மேலுதட்டில் திரும்ப வந்திருப்பதைத் தொடமாட்டேன். அது அங்கேயே இருக்கட்டும். பிறகு கூறையை உடுத்து, பெரிய பொட்டாக வைத்து, நீங்கள் அனுப்பும் காரில் ஏறி, உங்கள் புரொக்டர்மார் நடுவில், என் படம் ஒட்டிய போத்தல்களுக்கு முன்னால், மூடாத தலையோடு விளக்கேற்றுவேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். தைலத்தின் பலனைக் கண்ணாரக் காணலாம் என்று நோட்டீஸில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சனம் காணும்.

சுப்பம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுவாள், நானும் இளகிவிடுவேன். ஹிதாயாவுக்கும் தெரியாது. திரும்பவும் முளைக்கும். அதற்கு எவ்வளவு காலமானாலும் முளைப்பதை இனி உங்களுக்கு எழுதமாட்டேன்.

இப்போதுதான் கத்தியைத் தோல்வாரில் தீட்டி முடித்தேன். நல்ல கத்தி. அன்று இராச்சாப்பாட்டில் நீங்கள் சொன்னது சரிதான் அத்தான், நம் இரண்டு பேருக்கும் ஒன்று போதும்.