வெற்றிடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் வலது கை இப்போது அசைகிறதா? அவரைப் பார்த்துக்கொள்ள நீ ஆய்வகத்தை விட்டுப் போன பிறகு வேலை இரண்டு மடங்கு. ஆனாலும் நம் விண்வெளி வரைபடம் முடிந்துவிட்டது. கேலக்ஸிகள், அந்த நட்சத்திரக் கூட்டங்கள், இழை இழையாகத் திரண்டிருக்க, நடுவில் பிரம்மாண்டமான ஒரு வெற்றிடம். இவ்வளவு பெரியதை இதுவரை யாரும் கண்டதில்லை. படம் அனுப்பியிருக்கிறேன். இதைப் பற்றி வரப்போகும் ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர் இல்லை. பாதியில் போனவர்களைச் சேர்ப்பது வழக்கமில்லையாம். மனசில் வைத்துக்கொள்ளாதே.

அண்ணன்

மார்ச் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

அப்பாவுக்கு இடது கையால் கரண்டி பிடிக்கப் பழக்குகிறேன். பெயர் போகட்டும். படத்தைப் பார்த்ததும் என் பழைய கணக்குகளை எடுத்து ஒப்பிட்டேன். அந்த இடம் காலி இல்லை அண்ணா. அங்கே நானூற்றுப் பன்னிரண்டு கேலக்ஸிகளின் தூரத்தை அளந்தவள் நான். என் பெயரை எடுத்தபோது என் கோப்புகளையும் எடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பிரதி வைத்திருந்தேன், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் சேர்த்துவிடுங்கள். யாரிடமும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை

மார்ச் 20

தங்கைக்கு,

ஏற்கெனவே சேர்ந்திருக்கும் இடத்தில்தான் பொருள் மேலும் சேரும். காலி இடம் இன்னும் காலியாகும். ஈர்ப்பின் வேலை அது. நீ போய் உட்கார்ந்திருப்பது காலி இடத்தில். அங்கிருந்து எனக்குப் பாடம் எடுக்காதே. பிரதியை நான் திறக்கவில்லை.

அண்ணன்

ஜூன் 2

அன்புத் தங்கைக்கு,

கட்டுரை வெளிவந்த பிறகு வேறொரு குழு அந்த இடத்தை மறுபடி அளந்து, அது காலி இல்லை என்று காட்டிவிட்டது. ஆய்வகத்தில் விசாரணை வைத்தார்கள். கோப்புகளை நீ ஒப்படைக்காமல் போய்விட்டாய் என்று சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. நீ வேலையில் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள். உன்னைக் கேட்டுக் கடிதம் வரும். ‘ஆமாம்’ என்று இரண்டு வரி எழுதிவிடு. அப்பாவிடம் சொல்லாதே, தாங்க மாட்டார்.

அண்ணன்

ஜூன் 14

அண்ணாவுக்கு,

கடிதங்கள் எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்: “அவன் பேரு கெடக் கூடாதும்மா. ஆமான்னு எழுதிக் குடுத்துடு. உனக்கு இதுல என்ன போகுது.”

நோயில் விழுந்த பிறகு அவர் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

எழுதி அனுப்பிவிட்டேன். உங்கள் வேலைக்குப் பயமில்லை. சனிக்கிழமை காலை வண்டியில் நான் கிளம்புகிறேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா திங்கள்வரை அப்பாவைப் பார்த்துக்கொள்வார். அதற்குள் வந்துவிடுங்கள். மருந்துச் சீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ராத்திரியிலும்.